வலது பக்கத்துப் பதக்கம்

என் தங்கை புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் மைக். கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் அதைக் கையில் பிடித்தால் விடமாட்டார். நகரசபைத் தேர்தலில் நிற்கப் போகிறாராம். ஒரு கோட்டையும் என் தம்பியின் பதக்கத்தையும் தூக்கிக்கொண்டு என் தையல் கடைக்கு வந்து நின்றார்.

தம்பி கடல் கடந்து போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தது. அவன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அக்கா, இதைக் கோட்டுல தெச்சுக் குடுங்க. நாளைக்குப் போர்வீரர் மண்டபத்துல பேசறேன்."

"தம்பியைப் பத்தியா, மாப்பிள்ளை?"

"பொதுவா. நாங்க பாலைவனத்துல பட்ட பாடு..."

"நீங்களா? தட்டைப் பாதம்னு பட்டாளத்துல உங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்களே!"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? பெட்டியில தூங்கறதை நான் போட்டா என்ன குறைஞ்சிடும்?"

பதக்கத்தை எடுத்துக் கொடுத்தவள் தங்கை. அவளைச் சொல்லி என்ன! நான் மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போவார். ஊசியைக் கோத்தேன். இடது பக்கம் வைத்துப் பார்த்ததும் பதறினார்.

"அங்க பேனா இருக்கு. தங்க மூடி மறைஞ்சிடும். வலது பக்கம் வைங்க."

நாற்பது வருஷமாகப் படை உடுப்பு தைக்கிறவள் நான். சொந்தப் பதக்கம் என்றால் இடது மார்பு. செத்தவருடையதை உறவுக்காரர் அணிந்தால் வலது மார்பு. ஒரே ஒரு நாள் படையில் இருந்தவனுக்கும் அது தெரியும்.

"வலது பக்கமே வேணுமா?"

"சொன்னதைச் செய்ங்கக்கா."

செய்தேன். இரட்டை நூல் போட்டு.

மறுநாள் நானும் தையல் பையோடு மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். மேடையில், "அந்த வெயில்ல நாங்க..." என்று தொடங்கியதுமே முன்வரிசையிலிருந்து ஒரு பழைய சார்ஜெண்ட் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"ஏம்ப்பா, அது யாரோடது?"

"என்னோடதுதான் ஐயா."

"அப்ப ஏன் செத்தவங்க பக்கத்துல தொங்குது?"

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பதக்கத்தைப் பிடித்து இழுத்தார். கோட்டுத் துணி கிழிந்தாலும் கிழியும், என் தையல் விடாது.

"மச்சானோடது" என்றார் கடைசியில்.

"நல்லது. அவரைப் பத்திப் பேசு. கேக்கறோம்."

தம்பியோடு பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர். அவன் இருமினால் கதவைச் சாத்திக்கொண்டவர். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மைக்கைத் தானாகவே கீழே வைத்தார்.

படியிறங்கி வந்தவர் முன்னால் கத்தரிக்கோலோடு போய் நின்றேன்.

"கோட்டைக் கழட்டுங்க மாப்பிள்ளை. பேனாவை நீங்களே வெச்சுக்கங்க."