பன்னிரண்டு மணிக் கட்டம்

வார்டு ஆயாக்கள் பொறுப்பு நர்ஸுக்கு வைத்திருந்த பெயர் கட்டம்மா. நோயாளி மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதற்கு முன்பே, கட்டில் காலடியில் தொங்கும் அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பாளாம். இந்தக் கிண்டலில் பாதி அநியாயம். இருபத்திரண்டு வருடமாக அவள் கை பட்டு எழுந்து நடந்தவர்கள் எத்தனையோ பேர். கட்டம் அவளைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது போன வருடத்திலிருந்துதான்.

போன வருடம் தரச் சோதனைக் குழு வந்தபோது, மேல்மாடி வார்டில் ஒரே ஒரு அட்டையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ் இப்போது துணிக்கிடங்கில் போர்வை மடிக்கிறாள். அவளிடமிருந்த நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போனார்களா என்று கேட்க அந்தக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்பதற்கு அவர்கள் தாளில் இடமில்லை போலும்.

இன்று மறுபடியும் குழு வருகிறது. பதினாறு கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். அதில் சின்னவள் காய்ச்சல் என்று விடுப்பு. காலை எட்டு மணிக்குக் கட்டம்மா பதினாறு பேருக்கும் ரத்த அழுத்தமும் நாடியும் ஒழுங்காகத்தான் பார்த்து எழுதினாள். பிறகு மேட்ரன் வந்தார். மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, போகும்போது வாசலில் நின்றார்.

"ஒரு கட்டம் காலியா இருந்தாலும் என்னால உங்களைக் காப்பாத்த முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

மணிக்கு ஒரு தடவை பதினாறு பேரைப் பார்க்க வேண்டும். நடுவில் திரைச்சீலை மாற்ற வேண்டும், மருந்து அலமாரியை அடுக்க வேண்டும், கட்டில் கம்பியில் துரு தெரியாமல் துடைக்க வேண்டும். அட்டைகளை அள்ளிக்கொண்டு மருந்து அறைக் கதவைச் சாத்தினாள். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நான்கு மணிக் கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பினாள். எட்டு மணிக்கு வந்த எண்ணோடு இரண்டைக் கூட்டினாள், இரண்டைக் குறைத்தாள். எல்லா இடத்திலும் நடப்பதுதானே என்று மனதைச் சமாதானப்படுத்தினாள். வேலை முடிந்ததும் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடலாம் என்றும் நினைத்தாள். திரைச்சீலையும் துருவும் விடவில்லை.

பன்னிரண்டே காலுக்குக் குழு உள்ளே வந்தது. தலைவி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த நடுவயதுப் பெண்மணி. கூடவே டியூட்டி டாக்டர். நேற்றுக் காலையிலிருந்து வீட்டுக்குப் போகாத கண்கள் அவருக்கு. தலைவி ஒவ்வோர் அட்டையாக எடுத்து, விரலை வரிசையாக ஓட்டினார். விரல் நிற்கும் இடத்திலெல்லாம் கட்டம்மாவின் உயிரும் நின்று நின்று ஓடியது.

"நல்லா வச்சிருக்கீங்க சிஸ்டர். ஒரு இடம் கூட விடல."

அப்போதுதான் பதினோராவது கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவள் புருஷன் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். நேற்று ஆபரேஷனில் அவர் பித்தப்பையை எடுத்திருந்தார்கள்.

"சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்க. இவரு காலையில இருந்து ஒரு மாதிரியா இருக்காரு. நீங்க வேலையா இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன்."

டிரைவர் கண்ணைத் திறந்தார். "ஒண்ணுமில்லம்மா. தூக்கமா வருது."

கட்டம்மா அவர் கையைத் தொட்டாள். வேர்த்துச் சில்லென்றிருந்தது. அதில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்த இயந்திரத்தைத் தட்டினாள். எண்பத்து நாலு, ஐம்பது. நாடி நூற்று முப்பது. டாக்டரை ஜாடையில் கூப்பிட்டாள்.

டாக்டர் வந்து, எண்ணைப் பார்த்து, அட்டையைப் பார்த்தார். பன்னிரண்டு மணி: நூற்றிருபது, எண்பது. பதினொன்று, பத்து, ஒன்பது எல்லாம் அதே கதைதான்.

"கால் மணி நேரத்துக்கு முன்னாடி நீங்களே நூத்தி இருபதுன்னு எழுதியிருக்கீங்க. காலையில இருந்து ஒரே சீரா இருக்கு. மெஷின்தான் மக்கர் பண்ணுது." குரலைத் தாழ்த்தினார். "குழு முன்னாடி பதறாதீங்க சிஸ்டர். வேற மெஷின்ல பாருங்க. இவங்க போனதும் நான் வரேன்."

அவர் திரும்பிவிட்டார். இயந்திரம் பழையதுதான், போன வாரம்கூட இரண்டு முறை தப்பாகக் காட்டியது. டாக்டர் சொல்வதுதான் சரி, சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டம்மா ஒரு கணம் கெஞ்சினாள். யாரிடம் கெஞ்சினாள் என்று அவளுக்கே தெரியாது. எட்டு மணிக்குப் பிறகு இந்த மனிதரை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் துணிக்கிடங்குகூடக் கிடைக்காது, நேரே வீடுதான். திறக்காவிட்டால், இந்த அம்மா புருஷனின் கையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்தபோது வந்த பயத்தின் முன்னால் மற்றப் பயமெல்லாம் ஒன்றுமே இல்லை.

"டாக்டர், அந்த நம்பர் பொய்."

டாக்டர் நின்றார். தலைவியும் நிமிர்ந்தார்.

"எட்டு மணிக்கு அப்புறம் நான் பார்க்கவே இல்ல. உக்காந்து எழுதுனேன். நாலையும்." இயந்திரத்தை அவர் பக்கம் திருப்பினாள். "மெஷின் சரியாத்தான் காட்டுது. அவருக்கு உள்ள ரத்தம் போகுதுன்னு நினைக்கிறேன்."

டாக்டர் போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தார். வயிறு பலகை போல இறுகியிருந்தது. "ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க. ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க. ஓடுங்க."

இரண்டு நிமிடத்தில் டிரைவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினாள். காலையிலிருந்தே கசிந்திருந்தால் அவர் பிழைப்பது கஷ்டம் என்று கட்டம்மாவுக்குத் தெரியும். எந்த மணியிலிருந்து என்று சொல்ல யாராலும் முடியாது. அதைச் சொல்லியிருக்க வேண்டிய கட்டத்தில் அவள் கையெழுத்து இருந்தது.

தலைவி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். பதினோராவது கட்டிலின் அட்டையைக் கையில் எடுத்தார்.

"இந்த ஒரு சார்ட் மட்டும்தானா சிஸ்டர்?"

கட்டம்மா வார்டை ஒரு முறை பார்த்தாள். "பதினாறும்."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மூன்றாவது கட்டிலருகே இருந்த ஒரு மகள் எழுந்து, அட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றி, அதில் இருந்ததைப் படித்தாள். பிறகு கட்டம்மாவைப் பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கு இப்ப எவ்ளோ இருக்கு?"

"எனக்குத் தெரியாதும்மா."

ஒவ்வொருவராக மற்றக் கட்டில்களிலும் எழுந்து நின்றார்கள். அப்பாவை, புருஷனை, அண்ணனைத் தொட்டுப் பார்த்தார்கள். கட்டம்மா மூன்றாவது கட்டிலுக்கு வந்து பட்டையைச் சுற்றினாள். இயந்திரம் உறுமிக்கொண்டு காற்றை ஏற்றியது. எண் வரும்வரை யாரும் உட்காரவில்லை.