கடல்மாட்டுக்காரர்

மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியும் யாகப்பன் மேலிருந்து கருவாட்டு வாசனை போகவில்லை. கொல்லையில் மறைப்பாகக் கட்டியிருந்த புடவைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தசரதன் தலையை மட்டும் நீட்டினான். அவன் பக்கத்து வீட்டுக்காரன். குளிப்பாட்ட வேறு யாரையும் விடமாட்டேன் என்று காலையிலேயே வந்து நின்றவன்.

"யக்கா, இன்னொரு தபா தேய்க்கட்டா?"

"வேணாம் வுடு. முப்பது வருஷமா ஏறினது, இன்னிக்கா போயிடப் போவுது," என்றாள் சவரியம்மாள்.

கோயிலுக்கு மட்டும் கட்டுகிற வேட்டியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தாள். நாப்தலின் உருண்டை போட்டு வைத்தது. இருந்தும் மடிப்பை விரித்ததும் அதே வாசனை வந்தது. கல்யாணமான புதிதில் இந்த வாசனைக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுத்தவள் அவள். வேட்டியை இன்னும் ஒருதரம் முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டு, புடவைக்கு மேலாகத் தசரதனிடம் கொடுத்தாள்.

முந்தின நாள் விடிந்த நேரத்தில் போனது அந்த உயிர். சைக்கிளின் பின்னால் கருவாட்டுக் கூடையை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தண்ணி கொடு சவரி என்றார். அவள் சொம்போடு திரும்பி வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கயிற்றின் ஒரு முனை கையிலேயே இருந்தது. ஐம்பத்தெட்டு வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை.

சேரப்பணஞ்சேரியில் அவரை யாகப்பன் என்று கூப்பிட்டவர்கள் குறைவு. ஒரகடம், படப்பை, வாலாஜாபாத் என்று அவர் சைக்கிள் போன ஊர்களில் எல்லாம் கடல்மாட்டுக்காரர் என்றால்தான் தெரியும். நெத்திலியும் வாளையும் எடை போடும்போதே ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஊர்க் கடலில் ஒரு மாடு இருக்கிறது, அதற்கு ஆவுளியா என்று பெயர், அது மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும், கடலடியில் முளைக்கிற புல்லைத் தவிர வேறொன்றும் தின்னாது, ஒரு குட்டியைப் பதின்மூன்று மாதம் சுமக்கும், அடுத்த குட்டிக்கு நாலைந்து வருஷம் ஆகும், இப்படிக் கொன்றுகொண்டே போனால் நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒன்றுகூட மிஞ்சாது என்பார். வாங்க வந்த பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடலே பார்க்காதவர்களிடம் போய்க் கடல்மாட்டைப் பற்றிப் பேசுகிற மனுஷனை என்னவென்று சொல்வது? சவரியம்மாளும் ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

"அந்த மாட்டை நெனைக்கிற நேரத்துல பாதிய எனக்குக் குடுத்தா ஆவாதா?"

"நீதான் வூட்டுல கெடக்கியே சவரி. அதுக்கு யாரு இருக்கா?" என்றார்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது.

அவர் இவ்வளவு பேசினாலும், பேசாத ஒன்று இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும். தொண்டிக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தவர். இருபத்தைந்து வயதில் தம்பி சாலமோனோடு கடலுக்குப் போய், வலையில் மாட்டிய ஒரு தாய் ஆவுளியாவை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதன் குட்டி வள்ளத்தின் பின்னாலேயே வந்திருக்கிறது. கரையில் தாயை அறுத்துக் கூறு போட்டுக்கொண்டிருக்கும்போது, அது இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சு வாங்கத் தலையைத் தூக்குவதும் முங்குவதுமாக இருட்டுகிறவரை நின்றதாம். மறுநாள் கறி எதுவும் அவருக்கு இறங்கவில்லை. மறு மாதம் ஊரை விட்டே கிளம்பி, வாலாஜாபாத்தில் ஒரு கருவாட்டு மண்டியில் சேர்ந்துவிட்டார். அவளைக் கட்டிக்கொண்டது அதற்குப் பிறகு.

ஆவுளியாவைக் கொல்லக் கூடாது என்று சட்டம் வந்த செய்தி, கருவாடு மடிக்க வாங்கிய பழைய பேப்பரில்தான் அவர் கண்ணில் பட்டது. அந்தத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு சர்க்காருக்குக் கார்டு எழுத ஆரம்பித்தார். எந்தக் கரையில் இன்னும் அறுக்கிறார்கள், யார் யார் என்று. அப்படி எழுதிய பெயர்களில் சாலமோனுடைய பெயரும் ஒன்று. சாலமோனை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள், வலையைப் பறித்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஏழு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. மகள் கிளாராவின் கல்யாணத்துக்குக்கூட அவன் வரவில்லை. அன்று பந்தி முடிகிறவரைக்கும் யாகப்பன் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றதை சவரியம்மாள் பார்த்தாள்.

நேற்று மருமகன் தந்தி கொடுக்கப் படப்பைக்குக் கிளம்பியபோது, சித்தப்பாவுக்கும் கொடுப்பதா என்று கிளாரா கேட்டாள். குடு, வர்றதும் வராததும் அவரு இஷ்டம் என்றாள் சவரியம்மாள்.

பத்து மணிக்குள் அவரிடம் கருவாடு வாங்குகிற பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். ஒரகடத்திலிருந்து கங்கம்மாள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். முட்டிவலிக்காரி. போன பங்குனியில் வாலாஜாபாத் சந்தையிலிருந்து ஒரு ஆள் அவர்கள் தெருவுக்குக் கடல்மாட்டு எண்ணெய் விற்க வந்தானாம். ஒரே தடவை தேய்த்தால் முட்டிவலி ஓடிவிடும் என்றானாம். இந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நான் தவழ்ந்து போனாலும் போவேனே தவிர உன் எண்ணெயைத் தொடமாட்டேன் என்று கங்கம்மாள் துடைப்பத்தை எடுக்க, தெருவே சேர்ந்து அவனை ஏரிக்கரை வரைக்கும் விரட்டியதாம். அதைக் கேள்விப்பட்ட அன்று யாகப்பன் ராத்திரிச் சோற்றைப் பிசைந்தபடியே வைத்துவிட்டு, அந்தக் கதையையே மூன்று தரம் சொன்னார்.

கோயில் உபதேசியார் செபமாலையை ஆரம்பித்து, மணிகளில் இரண்டாம் பத்தை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரகடத்துப் பெண்களுக்கு அது பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மரகதம் என்பவள் தங்கள் வழக்கப்படி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"கடலுக்குள்ள மாடு ஒண்ணு காத்துக் கெடக்குதய்யா, அதுக்குப் போயி சேதி சொல்ல ஆரு இருக்கா எங்கய்யா..."

உபதேசியார் செபமாலையைப் பிடித்தபடி நிறுத்திவிட்டார். கிளாரா அழுதுகொண்டிருந்தவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு முன்னைவிட அதிகமாக அழுதாள்.

அப்போதுதான் சவரியம்மாள் வாசல் படலைப் பார்த்தாள். கறுத்து மெலிந்த ஒரு ஆள், கையில் மஞ்சள் பையோடு, ஒரு காலை உள்ளே வைத்து, மற்றதை வெளியே வைத்தபடி நின்றிருந்தான். யாகப்பனின் நெற்றி, யாகப்பனின் காது. ராமேஸ்வரம் வண்டியில் செங்கல்பட்டு வந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ் பிடித்து வந்திருந்தான். ஒப்பாரி முடிகிறவரை அந்தக் காலை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

அண்ணன் காலடியில் வந்து நின்றான். அழவில்லை. குனிந்து அண்ணனுடைய கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். பங்குச் சாமியார் வந்து, பெட்டியை மூட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் விட்டான்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது மூன்று மணி இருக்கும். தலை நனைத்து வந்த சாலமோன் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். ஒரகடத்துப் பெண்களும் வெயில் தாழட்டும் என்று அங்கேதான் இருந்தார்கள். கதவுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த சவரியம்மாளுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

கங்கம்மாள்தான் விசாரித்தாள். கூடப் பிறந்த தம்பி என்று தெரிந்ததும் அவள் குரலே மாறிவிட்டது. நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அப்போ நீங்க அந்த மாட்ட நேர்ல பாத்துகீறீங்க?"

"பாத்திருக்கேன்மா."

"அத இன்னமும் அறுக்குறாங்களா?"

சவரியம்மாள் எழுந்து நின்றாள். வெளியே போய் அந்தப் பேச்சை நிறுத்திவிடலாம் என்றுதான் எழுந்தாள். பாவம், இத்தனை தூரம் வந்தவன், இத்தனை பேர் நடுவில் என்ன பதில் சொல்வான்? ஆனால் கதவு நிலையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

சாலமோன் தன் கைகளைப் பார்த்தான்.

"அறுத்தோம்," என்றான். "நானே அறுத்திருக்கேன்மா. எத்தனைன்னு கணக்குத் தெரியாது. எங்கப்பா காலத்துல கூட்டங் கூட்டமா மேய வரும்பாங்க. இப்ப வருசத்துக்கு ஒண்ணு கண்ணுல பட்டாப் பெருசு."

மரகதம், அய்யோ என்று மெதுவாகச் சொன்னாள்.

"இந்தத் தை மாசம் ஒண்ணு வலையில வந்துச்சு. குட்டியோட. தாய் வலையில சுத்திக் கெடக்குது, குட்டி வெளிய நிக்கிது. எனக்குக் கத்தியை எடுக்கிறதுதான் பழக்கம். எடுத்தேன். எடுத்து வலைய அறுத்துட்டேன்."

"போயிடுச்சா?" என்றாள் கங்கம்மாள்.

"போயிருச்சும்மா. ரெண்டும் சேந்துதான் போச்சு. கொஞ்ச தூரம் போயி மூச்செடுக்க மேல வந்துச்சுக. ரெண்டு மூச்சு. பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு."

சவரியம்மாள் நிலையை விட்டு வெளியே வந்தாள். அவள் வருவதைப் பார்த்து சாலமோன் எழுந்தான். தை போய் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. அவள் மனசுக்குள் மாதங்கள் ஓடின. ஒவ்வொரு நாளும் தபால்காரர் தெருவில் வரும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு நின்ற மனுஷனைத்தான் இப்போது புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"ஒரு கார்டு போட்டிருக்கலாமில்ல தம்பி."

"வாங்கினேன் மதினி. வாங்கி வச்சிருந்தேன். என்னண்டு ஆரம்பிக்கிறதுன்னு தெரியல." தலைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "அண்ணன் நம்பாதுன்னு நெனச்சேன்."

"நம்பியிருப்பாரு," என்றாள் சவரியம்மாள்.

கிளாராவைக் கூப்பிட்டு, சித்தப்பா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, எல்லாருக்கும் காப்பி போடு என்றாள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று யாரோ சொல்ல, தசரதனின் மனைவி தன் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். சவரியம்மாள் மரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்தாள். கங்கம்மாள் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து கங்கம்மாள்தான் மறுபடியும் கேட்டாள்.

"அது எம்மாம் பெருசு இருக்கும்? அவரு சொல்லுவாரு. எங்களுக்குத்தான் ஒண்ணும் புரிஞ்சதில்ல. எரும மாதிரியா?"

சாலமோன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அதைப் பார்த்துத் தானே தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தான். மரத்தடியில் கிடந்த ஒரு குச்சியைக் கையிலெடுத்து, பெட்டி போன பிறகு பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்த வாசலில் நின்று இடத்தை அளந்தான். பிறகு குனிந்து கோடு இழுக்க ஆரம்பித்தான். மூக்கு கீழ்ப்பக்கம் வளைந்தது. கழுத்தில்லாத உடம்பு வேப்பமரத்தில் தொடங்கி நீண்டுகொண்டே போனது, இவ்வளவா என்று மரகதம் வாய்விட்டுச் சொல்லும்வரை. முடிவில் வாலை இரண்டாகப் பிரித்து விரித்தான். கைத்துடுப்பு ஒன்றைப் போட்டு, அது உடம்போடு சேருகிற இடத்தில் குச்சியை ஊன்றி, இங்கனதான் பால் குடிக்கும் என்றான்.

குட்டியை அந்த இடத்தில் ஒட்டினாற்போல் வரைய வேண்டியிருந்தது. அங்கே கங்கம்மாளின் கால்கள் நீட்டியிருந்தன. முட்டியை இரண்டு கையாலும் பிடித்து, வலியோடு, அவள் கால்களை மடக்கிக்கொண்டு இடம் விட்டாள்.

கிளாரா தட்டு நிறைய டம்ளர்களோடு பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள். நேரே வந்தால் நாலு எட்டு. அவள் வாலைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து வந்து, முதல் டம்ளரைச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.