இரண்டு பேர் எந்தப் படகில்?

துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் அவளுடைய திரையும் அவள் கணவனுடைய திரையும் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் இருந்தன. கப்பல்களிலிருந்து வரும் ஆங்கிலச் செய்திகளைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு நிரல் தேவை என்று துறைமுகம் கேட்டிருந்தது. இருவரும் வேலை பார்க்கும் நிறுவனம் இரண்டு குழுக்களை அனுப்பியது. ஒன்றுக்கு அவன் தலைவன், இன்னொன்றுக்கு அவள். இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். இன்றோடு சோதனை முடிகிறது. காலையில் வீட்டைப் பூட்டும்போது, “தோத்தா அழக்கூடாது” என்றான் அவன். “கைக்குட்டை உங்களுக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன்” என்றாள் அவள்.

அவனுடைய நிரல் லட்சக்கணக்கான வாக்கியங்களைத் தின்று வளர்ந்தது. எதைக் காட்டினாலும் பட்டென்று பதில் சொல்லும். அவளுடையது வேறு ரகம். வாக்கியத்தைப் பிரித்து, ஆளையும் பொருளையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்து, யார் யாரை என்ன செய்தார் என்று அம்புக்குறி போடும். பிறகு அந்த அம்பு உலக நடப்புக்குப் பொருந்துகிறதா என்று, அவள் குழு பார்த்துப் பார்த்துக் கட்டிய அறிவு வலைக்குள் போய்த் தேடும். ‘டக்’ (tug) எனப்படும் இழுவைப் படகுக்கு எஞ்சின் உண்டு. சரக்கேற்றும் தட்டையான பார்ஜுக்கு எஞ்சின் கிடையாது. யாராவது இழுத்துப் போக வேண்டும். பார்ஜில் பொதுவாக ஆள் இருக்க மாட்டார்கள். கிரேன் ஏற்றியிருந்தால் காவலுக்கு இருப்பார்கள். இப்படிச் சின்னச் சின்ன உண்மைகள். “தண்ணி நனைக்கும்னுகூடச் சொல்லிக் குடுக்கணுமா?” என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். ஆமாம், அதையும் சொல்ல வேண்டும் என்பாள். நமக்குத்தான் தெரியுமே என்று நாம் சொல்லாமல் விடுகிற இடத்தில்தான் இயந்திரம் தடுக்கி விழுகிறது என்பது அவள் கட்சி. அதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

மதியத்துக்கு மேல் காற்று ஏறியது. வழியில் போன சரக்குக் கப்பல் ஒன்று செய்தி அனுப்பியது. ஆங்கிலம் யாருக்குமே தாய்மொழியாக இல்லாத கப்பல் அது.

“Tug left barge with two men. It is taking water.”

அவனுடைய திரை உடனே சொன்னது: பார்ஜில் தண்ணீர் ஏறுகிறது, இரண்டு பேரும் இழுவைப் படகில் ஏறிக் கிளம்பிவிட்டார்கள், தொண்ணூற்றிரண்டு சதவீதம் உறுதி. அவளுடைய திரையில் ‘இரண்டு பேர்’ என்ற கட்டத்திலிருந்து இரண்டு சிவப்பு அம்புகள் கிளம்பின. ஒன்று இழுவைப் படகுக்கு, ஒன்று பார்ஜுக்கு. கீழே, ‘கேட்டறியவும்’.

அறைக்குப் பொறுப்பு கேப்டனம்மா. கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். இழுவைப் படகின் ரேடியோ பேசவில்லை. ரேடாரில் அந்தப் படகு வடக்குப் பக்கம் வந்துகொண்டிருந்தது; பார்ஜ் தெற்கே பாறைகளை நோக்கி அடித்துப் போய்க்கொண்டிருந்தது. தயாராக நின்ற மீட்புப் படகு ஒன்றே ஒன்று; அந்த இரண்டு பேர் இருக்கும் பக்கம்தான் அதை அனுப்ப வேண்டும்.

“நான் பதில் கேட்டா உன் மெஷின் என்னையே கேள்வி கேக்குதே, என்னம்மா இது?” என்றார் கேப்டனம்மா.

“கேள்வி இருக்கு மேடம், அதான் கேக்குது. இந்த பார்ஜ் காலையில கிரேனோட கிளம்பியிருக்கு. காவலுக்கு ஆள் இருக்கலாம். இழுவைப் படகு அவங்கள பார்ஜுலயே விட்டுட்டுப் போச்சா, கூட்டிட்டுப் போச்சா? இந்த வாக்கியத்துக்கு ரெண்டு அர்த்தமும் வரும். செய்தி சொன்ன கப்பலையே கேட்டுடுங்க.”

“கேட்டுக்கிட்டிருக்க நேரம் இருக்கா?”

“தப்பான பக்கம் போயிட்டுத் திரும்பறதுக்குத்தான் நேரம் இல்ல மேடம்.”

உறுதியாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்து மேஜையைப் பார்க்க அவளால் முடியவில்லை. தொண்ணூற்றிரண்டு என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், படகு வடக்கே போய்விடும். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“கேட்டுடுங்க மேடம்” என்றான். “என் மெஷினுக்கு அந்தக் கிரேன் விஷயமே தெரியாது.”

கேப்டனம்மா ரேடியோவை எடுத்தார். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் சொல் சொல்லாகக் கடித்துத் துப்பியது: ரெண்டு பேரும் பார்ஜில், கையை ஆட்டுகிறார்கள். கேப்டனம்மா அடுத்த மூச்சில் மீட்புப் படகைத் தெற்கே திருப்பினார்.

இருட்டுவதற்குள் இரண்டு பேரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். இழுவைப் படகும் ஆன்டெனா முறிந்த கோலத்தில் தானாகவே வந்து சேர்ந்தது. கயிறு அறுந்துபோச்சு, அலையில நெருங்கவே முடியல, உதவி கூட்டிட்டு வரலாம்னு ஓடி வந்தேன் என்று அதன் ஓட்டுநர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த நிரலை எடுப்பது என்பதை நாளைக்குப் பார்க்கலாம் என்றுவிட்டார் கேப்டனம்மா.

இருவரும் படியிறங்கினார்கள்.

“உன் வலைய என் மெஷினோட சேத்துக் கட்டினா என்ன?” என்றான் அவன்.

“கட்டலாம். யாரு யாருக்கு வழி சொல்றதுங்கறதுதான் பிரச்சினை.”

“வீட்டுல எப்படியோ அப்படித்தான்.”

“அப்ப நான்தான்” என்றாள்.

கரையில் ஒரு பெட்டியின்மேல், கம்பளி போர்த்தி, மீண்டு வந்தவர்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குவளை சாய்ந்து, சூடான தேநீர் விரல்களில் வழிந்தது. அவருக்கு அது தெரியவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கணவன் அவர் முன்னால் குந்தி, தன் உள்ளங்கையைக் குவளைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.