நாற்பத்தெட்டும் மூன்று கோழிகளும்

உலகத்திலேயே தக்காளிக்குப் பாதுகாப்பான இடம் திதியன்று ஐயங்கார் வீட்டுச் சமையலறைதான் என்று அலர்மேல்மங்கை நம்பினாள். இங்கிலீஷ் காய் என்று அன்றைக்கு அதை யாரும் சமைக்கமாட்டார்கள். ஆராய்ச்சிப் பண்ணைக் குரங்குகளுக்கோ எந்த ஆசாரமும் கிடையாது. அதனால்தான் அந்த ஒற்றைப் பழத்தை முதல்நாளே பறித்து, ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த தன் வீட்டில் அரிசி டின்மேல் பழுக்க வைத்தாள்.

தக்காளியின் செல்லுக்குள் இருபத்துநாலு குரோமோசோம்கள். முளையில் கோல்ச்சிசின் மருந்தைச் சொட்டி, புது ரகத்துக்காக அதை நாற்பத்தெட்டாக்க இரண்டு வருஷமாகப் போராடுகிறாள். முந்நூறு செடிகளில் ஒன்றே ஒன்று தடித்த இலை விட்டு, ஒரே ஒரு பழம் காய்த்துவிட்டுச் செத்துப்போனது. அதன் விதையில் நாற்பத்தெட்டை எண்ணிக் காட்டினால் பண்ணை வேலை நீடிக்கும். இல்லையென்றால் தையில் டெல்லி மாப்பிள்ளை என்று அப்பா சீனிவாசராகவன் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் போட்டோவில் காதுகள் மட்டும் தெளிவாக விழுந்திருந்தன.

திதி முடிந்த மாலை, டின்மேல் ஒன்றுமில்லை.

"அம்மா, என் தக்காளி எங்கே?"

"பித்ருக்கள் வர நாள்ல அதை ஆத்துல வெச்சுக்கலாமாடி? காலம்பறயே மௌரீன்கிட்ட குடுத்துட்டேன்" என்றாள் கோமளம், புண்ணியம் சேர்த்த முகத்தோடு.

மங்கை செருப்பில்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். மௌரீன் சாண்ட்விச்சின் கடைசி வாயை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"லவ்லி டொமேட்டோ, சைல்ட்! விதையா? அது இருந்தா ரொட்டி சொதசொதன்னு ஆயிடுமே. நோண்டிக் கோழிக்குப் போட்டேன்."

கூண்டுக்குள் மூன்று கோழிகள் திருப்தியாக அலகைத் துடைத்துக்கொண்டிருந்தன. மங்கை அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பழத்தை விசாரிக்கச் சைக்கிளில் வந்த நாணு அவளை அந்தக் கோலத்தில்தான் பார்த்தான். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எதிர் மேஜை. கஞ்சி போட்ட சட்டையில் துளி மை விழுந்தாலும் முகம் சுளிக்கிற பேர்வழி. விக்கலுக்கு நடுவே அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அழாதீங்க. உள்ளே போனது வெளியே வரணுமில்லே?"

"கோழி வயிறு அம்மி மாதிரி அரைச்சிடும்."

"அம்மியிலேயும் ஒண்ணு ரெண்டு தப்பும். மௌரீன், டீ வடிகட்டி இருக்கா?"

"எடுத்துக்கோ மேன். திரும்ப மட்டும் குடுக்காதே!"

இரண்டு நாள் லீவு போட்டுக் கூண்டின் முன் குந்தியிருந்தான் நாணு. கோமளம் சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"யாருடி அது, கோழிப்பீயை அலம்பிண்டு?"

"என்கூட வேலை பாக்கறவர்மா."

"எம்.எஸ்ஸி. படிச்சது இதுக்கா?"

மூன்று விதை கிடைத்தது. ஒன்று முளைத்தது. மங்கை வேர்நுனியைக் கிள்ளி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி எண்ணினாள். நாற்பத்தாறு. மறுபடி நாற்பத்தேழு. மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து நாணுவைக் கூப்பிட்டாள்.

நாணு குனிந்து பார்த்தான். "நாற்பத்தெட்டு. ஓரத்துல ரெண்டு ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருக்கு, வெக்கங்கெட்டதுகள்."

மறுபடி எண்ணினாள். நாற்பத்தெட்டேதான்.

அன்று மாலை சீனிவாசராகவன், கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று டெல்லிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"அப்பா, அவர் எனக்காகக் கோழிக்கூண்டு அலம்புவாரான்னு கேட்டு எழுதுங்கோ."

அவர் பேனாவை மூடிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார். சுவருக்கு அப்பால், வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் மௌரீனிடம் புது வடிகட்டியை நீட்டிக்கொண்டிருந்தான்.