தொட்டியின் வடக்கு மூலை

என் வீட்டுக்காரர் தங்கசாமிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். புத்தி ஒரு காத தூரம் பின்னால் மெதுவாக நடந்து வரும். எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் எங்கள் கிணறு வற்றியபோது, அதில் விட்டிருந்த கெண்டைகளை அள்ளிப் பம்புசெட்டுத் தொட்டியில் போட்டார். முழங்காலளவு தண்ணீர், மேலே துளி நிழல் கிடையாது. ஒரு பந்தல் போடுங்கள் என்றேன்.

"மீனுக்கு எதுக்குப் பந்தல்? அதுக்கென்ன கண்ணாலமா?" என்றார்.

வாரம் திரும்புவதற்குள் மீன்களுக்கு முதுகு வெளுத்துத் தோல் உரிந்தது. தினமும் சில செத்து மிதந்தன.

ஒருநாள் தொட்டியின் வடக்கு மூலையில் பச்சைப் பிழிசல் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார். வடக்கே இவருடைய பெரியப்பா மகன் கண்ணுசாமியின் சோளக்காடு. வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அவர்கள் வேலியோ திருகுகள்ளி. குட்டை வற்றும்போது கள்ளியை நசுக்கிப் போட்டு, மயங்கி மிதக்கிற மீனை அள்ளுவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. அதற்குமேல் இவர் யோசிப்பாரா? மாரியம்மன் கோயிலில் ஊரைக் கூட்டிவிட்டார்.

அன்றைக்குக் கண்ணுசாமி மகளைப் பார்க்க ஓமலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். "இன்னைக்கு வேண்டாமுங்க, புள்ளை வாழ்க்கைங்க" என்று கெஞ்சினேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

"கள்ளிச்சாறு ஊத்தலைன்னா கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கண்ணா" என்றார் கூட்டத்தின் நடுவில்.

கண்ணுசாமி முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எரிகிற கற்பூரத்தை நோக்கிக் கை நீட்டினார். பின்னாலேயே வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா செருப்பை மாட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் விஷயம் கேட்டுக் கண்ணுசாமியின் சம்சாரம் அங்கம்மாள் கையில் சொம்போடு ஓடி வந்தார்.

"அவருக்கு ஒன்னுந் தெரியாதுங்க. நாந்தேன் போட்டேன். கள்ளி இல்லைங்க, ஆவாரஞ்சாறு. தவுட்டுல பெசஞ்சு போட்டேன். வெய்யில்ல போறப்ப நாம தலையில ஆவாரந்தழை வெச்சுக் கட்டறமே, மீனுக்கும் ஆகுமேன்னு பார்த்தேன். முதுகு வெந்து கெடக்குதுங்க, வாயில்லாச் சீவன். பேச்சில்லாத ஊட்டுல கேட்டுட்டா செய்ய முடியும்?"

சொம்பிலிருந்த அதே சாற்றை அண்ணாந்து முழுக்கக் குடித்தார். கசப்பில் முகம் கோணியது. வாயைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"இன்னுஞ் சத்தியம் வேணுங்களா, கொழுந்தனாரே?"

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று வாய்க்கு வாய் சொல்லுகிற ஊர். ஒவ்வொருத்தராகத் திரும்பி இவரைத்தான் பார்த்தார்கள். இவர் பெண்டாட்டி என்று அங்கே நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பங்காளிச் சண்டை நடக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் தொட்டியில் ஒரு மீன்கூடச் செத்திருக்கவில்லை. உரிந்த முதுகுகளில் புதுத்தோல் கறுத்து வந்திருந்தது. இவர் தவிட்டைக் கொண்டுவந்து தெற்குப் பக்கம் தூவினார். ஒன்றும் திரும்பவில்லை. அத்தனையும் வடக்கு மூலையில் முண்டியடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடின. அங்கம்மாள் தினமும் வந்து தவிடு போடுகிற நேரம் அது.

இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "நீ போய்க் கூப்பிடு வசந்தாமணி. எனக்கு மூஞ்சி இல்லை" என்றார்.

வேலியோரம் போய் "அக்கா" என்றேன். மறுபடி கூப்பிட்டேன். வேலிக்கு மேலாக ஒரு கட்டு ஆவாரந்தழை வந்து விழுந்தது.

"மீனுக்கு" என்று குரல் மட்டும் வந்தது.

பின்னாலேயே வந்து நின்ற இவருக்கு அதைக் குனிந்து எடுக்கக் கை வரவில்லை. நான்தான் எடுத்தேன்.