செத்த பிறகு மூன்று முறை வெளியே போனவர்

திருச்சபையும் அரசும் வருங்காலச் சந்ததியும் எழுந்து நின்று கேட்கவேண்டிய செய்தி இது: டோங்கா நாட்டில், எங்கள் ஹாபாய் தீவில் கிதியோனி, செத்த பிறகு மூன்று முறை வீட்டைவிட்டு வெளியே போனார்.

மூன்று முறையும் லோசலீன் உள்ளே வந்தபோதுதான். லோசலீன் ஒரு லெய்ட்டி, ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவள். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஓர் ஆண் பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. கிதியோனியோடு கூடப்பிறந்தவள், இரண்டு வயது மூத்தவள். கிதியோனிக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து, அவள் வீட்டுக்குள் வந்தால் அவர் எழுந்து வெளியே போவார், ரக்பி ஆட்டம் பாதியில் இருந்தாலும். அவளை எண்ணி வெட்கப்படுகிறார் என்றது ஊர். அவளும் அப்படியே நம்பி, நாற்பது வருடம் அதை விழுங்கிக்கொண்டு, அவருடைய பிள்ளைகள் மூவருக்கும் கல்யாண உடுப்பு தைத்தாள்.

துக்க வீட்டில் தலைமாட்டு இடம் கூடப்பிறந்தவளுக்கு உரியது. அவள் உட்காராமல் எதுவும் தொடங்காது. துக்கத்துக்குச் சீராக வரும் உயர்ந்த பாய்களெல்லாம் அவளுக்கே. கிதியோனிக்குச் சகோதரி இல்லை என்று போதகர் உய்லியாமி வேத ஆதாரங்களுடன் நாற்பது நிமிடம் நிறுவிவிட்டு, தூரத்துச் சொந்தமான தம் மனைவியையே அங்கே உட்காரவைத்தார்.

அப்போது லோசலீன் வள்ளிக்கிழங்குத் தட்டோடு உள்ளே வந்தாள். கிதியோனி பாயைவிட்டு ஒரு முழம் எழும்பி, வாசலில் தலை இடிக்காமல் தாழ்ந்து, பலாமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார். தூக்கி வந்தார்கள். தேநீரோடு வந்தாள், போனார். தீப்பெட்டி தேடி எட்டிப் பார்த்தாள், அதற்கும் போனார்.

"பாத்தீங்களா, செத்தும் இந்த ஆளப் புடிக்கல அவனுக்கு" என்றார் போதகர்.

லோசலீன் திரும்பிப் போகப் பார்த்தாள். சமையலுக்கு வந்திருந்த தெலேசியா அடுப்படியிலிருந்து பன்றிக் கொழுப்புக் கையோடு வந்து மறித்தாள்.

"ஏன் போதகரே, நீங்க அக்கா தங்கச்சியோட பொறக்கலியா? அக்கா வந்தா தம்பி எழுந்து வெளிய போறது நம்ம ஊரு மரியாததான? ஒங்க சம்சாரம் ரெண்டு மணி நேரமா குந்தியிருக்காங்களே, ஒரு வெரலாவது அசைஞ்சுதா?"

லோசலீன் ஜன்னலுக்கு வெளியே கத்தினாள்: "அடப் பாவி, நாப்பது வருஷமா மரியாதையா குடுத்துக்கிட்டிருந்த? ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

பிணம் பதில் சொல்லவில்லை. அக்காவிடம் நேருக்கு நேர் பேசுவதும் அவர் வழக்கமில்லை.

போதகரின் மனைவி, "எனக்கும் கால் மரத்துப்போச்சு" என்று எழுந்துகொண்டார். லோசலீன் உட்கார்ந்தாள். தலைமாடு வீட்டுக்குள்ளும் தலை பலாமரத்தடியிலுமாக ஆராதனை நடந்தது. பதினொரு பாய்கள் வந்தன. பங்கு பிரிப்பதும் அவள் உரிமை என்பதால், போதகருக்குப் பன்றியின் ஒரு காது கிடைத்தது.

ஒன்பது வருடம் கழித்து லோசலீன் இறந்தாள். அதே போதகர் உருகிப் பேசி, மரணத்தாலும் பிரிக்க முடியாத பாசம் என்று முழங்கி, அவளைத் தம்பியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார். மறுநாள் காலையில் கிதியோனியின் கல்லறை, வெள்ளை மணல், பிளாஸ்டிக் பூக்கள் சகிதம், வேலிக்கு வெளியே இருந்தது.

வேலியைத் தள்ளிப் போட்டோம்.