பிறகு நினைவூட்டு

காலையில் காபிக் கோப்பையோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஒரிஸ்யாவின் முதல் வேலை அந்த நீலப் பெட்டியை விரட்டுவதுதான். உங்கள் கணினியின் இயங்குதளம் பழையது, இந்த மாதக் கடைசியோடு இதற்குப் பாதுகாப்பு கிடையாது என்று அது திரையின் நடுவில் வந்து நிற்கும். அதன் கீழே இரண்டு பட்டன்கள். 'இப்போதே மாற்று' என்று ஒன்று, 'பிறகு நினைவூட்டு' என்று ஒன்று. கதவைத் தட்டும் விற்பனைக்காரனை அனுப்பிவைப்பதுபோல இரண்டாவதை அமுக்கிவிட்டுச் சீட்டாட்டத்தைத் திறப்பாள்.

“இன்னிக்கும் துரத்திட்டியா?” அடுப்பருகிலிருந்து கணவர் நெஸ்டர் கேட்டார்.

“அது பாட்டுக்கு வருது, நான் பாட்டுக்கு அனுப்புறேன். உனக்கென்ன வந்துச்சு?”

“கொஞ்சம் ரோஷம் இருந்தா இந்நேரம் வர்றதை நிறுத்தியிருக்கும்.”

“உன் தங்கச்சி புருஷன் நிறுத்தினானா?”

நெஸ்டர் முட்டையைத் திருப்பிப் போடுவதில் மும்முரமானார்.

அந்த நீலப் பெட்டியோடு ஒரிஸ்யாவுக்கு ஒரு பகையும் இல்லை. புதிய இயங்குதளத்தைக் கண்டு பயமும் இல்லை. அறுபது வயதில் டிராக்டர் ஓட்டுவதை விட்டவள், எழுபதில் கணினியைப் பழகிக்கொண்டவள். அவள் கவலையெல்லாம் மகன் ரோமன்தான்.

இவர்கள் பண்ணை கோதுமைச் சமவெளியில்; ரோமன் மலைகளுக்கு அந்தப் பக்கம், வான்கூவரில் இருந்தான். காரில் வந்தால் ஒன்றரை நாள். ஒவ்வொரு அக்டோபரிலும், அறுவடை முடிந்து வரும் நன்றித் திருநாளுக்கு வந்துவிடுவான். ஆனால் திருநாளுக்கு வருகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. “கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?” என்று போனில் கேட்பான். “இழுக்குது” என்பாள் இவள். “சரி, வந்து பாக்கறேன்” என்பான். அந்தச் சமவெளி ஆண்கள் எல்லாருமே அப்படித்தான். கையில் ஒரு வேலை இல்லாமல் இன்னொருவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூசுவார்கள். பக்கத்துப் பண்ணை எல்மரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் நெஸ்டர் கொட்டகைக்குள் போய் ஒரு ஸ்பானரைத் தேடி எடுப்பார். “இதைத் திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன்” என்பார் எல்மரிடம். ஸ்பானர் எல்மருடையது இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து காபி குடிப்பார்கள்.

ரோமன் வந்தால் முதல் நாள் அப்பாவோடு கூரையில் ஏறுவான், அல்லது வண்டிக்கு அடியில் படுப்பான். மறுநாள் மதியம்தான் கணினி. அந்த மதியம் ஒரிஸ்யாவுடையது. இயந்திரம் பழையது. எதைக் கேட்டாலும் 'காத்திருக்கவும்' என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றும் நேரமெல்லாம் அவன் பேசுவான். முகத்துக்கு நேராகப் பார்த்தால் அவனுக்கு வாய் திறக்காது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் திறக்கும். அவள் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவன் முழங்கையருகே உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை வைத்துவிட்டு, அவன் பிடரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன், மனைவி ஷானனைப் பற்றியும் அப்படித்தான் சொன்னான்.

“நானும் ஷானனும் இப்ப ஒரே வீட்ல இல்லம்மா.”

“எப்பத்திலேருந்து?”

“பனி உருகினதிலேருந்து.”

திரையில் பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்தது.

“வெங்காயம் இன்னும் கொஞ்சம் போடவா?”

“போடு.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வறுத்த வெங்காயத்தையும் புளிப்புப் பாலேட்டையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவள் முட்டியை ஒரு தட்டுத் தட்டினான். போன அக்டோபரில் அவன் வரவில்லை. வேலை அதிகம் என்றான்.

இந்த வருடமும் திருநாள் நெருங்கிவிட்டது. பழைய கணினிகளில் இனித் தங்கள் பக்கம் திறக்காது என்று வங்கியிலிருந்தும் தகவல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரோமன் கூப்பிட்டான்.

“அம்மா, அந்தப் பட்டனை அமுக்கிட்டியா?”

“எந்தப் பட்டன்?”

“எந்தப் பட்டன்னு உனக்குத் தெரியும்.”

“படமெல்லாம் போயிருமோன்னு இருக்கு.”

“போகாது. எல்லாத்துக்கும் நகல் எடுத்து வச்சிருக்கேன்.”

“பிரிண்டர் வேலை செய்யாதுன்னு சர்ச்ல சொன்னாங்க.”

“இப்ப மட்டும் செய்யுதா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“என் சீட்டாட்டம்?”

“அதுவும் இருக்கும். இதைவிட அழகா இருக்கும்.”

“அழகை வச்சு நான் என்ன பண்ண? எனக்கு ஜெயிக்கணும்.”

அவன் சிரித்தான். பிறகு, சமாதானமாகத்தான் சொன்னான்: “புதுசு போட்டுட்டா உனக்கு எவ்வளவு வசதி தெரியுமா? உன் திரையை நான் இங்கேருந்தே பாக்கலாம். எது கெட்டாலும் இங்கேருந்தே சரி பண்ணிடுவேன். நான் அவ்வளவு தூரம் வரவேண்டிய அவசியமே இருக்காது.”

ஜன்னலுக்கு வெளியே அறுத்த கோதுமைத் தாளின் மேல் வாத்துக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரிஸ்யா அதையே பார்த்தாள்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று போனை வைத்தாள்.

நெஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“உனக்குக் கம்ப்யூட்டரா வேணும்? பையன்தானே வேணும். வாடான்னு வாய்விட்டுச் சொல்லேன்.”

“கூப்பிட்டுத்தான் வரணுமா?”

“கூப்பிடாம அவனுக்கு எப்படித் தெரியும்?”

“நீ என்னிக்காவது எல்மர்கிட்ட, உன்னைப் பாக்கணும்போல இருந்துச்சுன்னு சொல்லியிருக்கியா?”

“சேச்சே, அவன் பயந்துருவான்.”

“உன் பையன்தானே அவனும்?”

நெஸ்டர் கணினியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “அந்தப் பொட்டி கெட்டாத்தான் வருவான்னா, சுத்தியலால ஒரு போடு போடட்டுமா?” என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை நீலப் பெட்டி வந்தபோது அவள் விரட்டவில்லை. காபி ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றாவிட்டால் இந்தக் கணினி ஒரு காரணமாக இங்கேயே கிடக்கும், அவன் வந்தாலும் வருவான். மாற்றிவிட்டால் அவனுக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் போன வருடமும் மாற்றாமல்தான் இருந்தது, அவன் வரவில்லையே. இந்த இடத்துக்கு வந்து வந்து அவள் கணக்கு முட்டிக்கொண்டு நின்றது. போனை எடுத்து மேசைமேல் வைத்து, நெஸ்டருக்கும் கேட்கும்படி ஒலியைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“ரோமன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான் சொன்ன அளவுக்கு எப்பவுமே இழுத்ததில்ல. நீ வரணும்னுதான் அப்படிச் சொன்னேன்.”



“தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“கடைசியா வந்தப்ப பிரிண்டர் வயரு உருளைக்கிழங்குக் கூடைக்குள்ள கெடந்துச்சு.”

“எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.”

“ஆமா. சுருட்டி ரப்பர் பேண்டு போடத் தெரிஞ்ச எலி.”

நெஸ்டருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

“அப்பா இருக்காரா அங்க?”

“நான் இல்லப்பா” என்றார் நெஸ்டர்.

ரோமன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “நானும் ஒண்ணு சொல்றேன். அன்னிக்கே புதுசு போட்டிருக்கலாம்மா. அதுக்கு வேண்டிய மெமரி எல்லாம் இங்கேருந்தே வாங்கிட்டு வந்து மாட்டிட்டேன். எல்லாம் தயாரா இருந்துச்சு. பட்டனை மட்டும் அமுக்கல.”

“ஏன்?”

“அமுக்கிட்டா அடுத்த வருஷம் என்னன்னு சொல்லி வர்றது?”

ஒரிஸ்யா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் முகம் எப்படி இருக்கும் இப்போது? சமையலறையில் நின்று பேசுகிறானா, ஜன்னலோரமா? அந்த வீட்டை அவள் பார்த்ததுகூட இல்லை.

“அப்ப போன வருஷம் ஏண்டா வரல?”

“பையைக் கட்டி கார்ல வச்சிட்டேன். அப்புறம் சர்ச் விருந்து ஞாபகம் வந்துச்சு. மொத்த ஊரும் அங்க இருக்கும். ஒவ்வொரு மேசையிலயும் ஷானன் எங்க, ஷானன் வரலியான்னு கேப்பாங்க. வான்கோழித் தட்டைக் கையில வச்சுக்கிட்டு எத்தனை பேருக்குச் சொல்றது? பையை உள்ள கொண்டுவந்து வச்சிட்டேன்.”

“நாம விருந்துக்குப் போகவேண்டாம்.”

“நீ போகாம இருப்பியா? அந்த முட்டைக்கோஸ் சுருளை உன்னை விட்டா யாரு உருட்டுறது?”

“யாராவது உருட்டட்டும்.”

“வேண்டாம்மா.” குரல் தணிந்தது. “இந்த வருஷம் இல்ல. என்னால முடியல இன்னும்.”

நெஸ்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரிஸ்யா திரையைப் பார்த்தாள். பெட்டி பொறுமையாக நின்றுகொண்டிருந்தது.

“சரி. பட்டனை அமுக்கறேன்” என்றாள்.

“இப்பவா? நான் வரலன்னு கோவமா?”

“கோவம் என்ன கோவம். இது இப்படியே இருந்தா நீ இதுக்குத்தான் வருவ. வராதப்ப, இது ஓடுதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துருவ. நானும் வயரைப் புடுங்கி ஒளிச்சு வச்சிட்டு ரோட்டைப் பாத்துட்டு இருப்பேன். இத்தனை நாள் அப்படி இருந்தது போதும்டா. இங்க உனக்கு ஒரு வேலையும் இல்லன்னு ஆயிட்டா, என்னிக்காவது சும்மா வருவல்ல?”

“சும்மா வந்து என்னம்மா பண்றது?”

“சாப்பிடு. தூங்கு. அப்பாகூடச் சண்டை போடு.”

“நான் தயார்” என்றார் நெஸ்டர்.

ரோமன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “முதல்ல திறந்து வச்சிருக்கறதை எல்லாம் மூடு” என்றான்.

மூடினாள். அமுக்கினாள். ஒருமுறை திரை இருண்டு, பிறகு எத்தனை சதவீதம் முடிந்தது என்று எண்கள் வந்தன.

“இனி அதுவே பண்ணிக்கும். நீ தொடவேண்டாம்” என்றான். ஆனால் போனை வைக்கவில்லை. எண்கள் ஏற ஏறப் பேசிக்கொண்டிருந்தான். அங்கே விடாத மழையாம். மாடி வீட்டுக்காரரின் நாய் இவன் காலடிச் சத்தத்துக்கு மட்டும் குரைக்குமாம். ஷானன் அவனுடைய பனிக்கால பூட்ஸைப் பார்சலில் அனுப்பியிருந்தாளாம், உள்ளே காகிதம் அடைத்து, பாலிஷ் போட்டு. “எதுக்கு பாலிஷ் போட்டாள்னுதான் தெரியல” என்றான். இந்த முறை ஒரிஸ்யா பார்த்துக்கொண்டிருக்க அவன் பிடரி இல்லை. கறுப்புத் திரையில் அவள் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயேன் என்று எண்களிடம் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். அவை கேட்கவில்லை.

புதிய திரை வெளிச்சமாக வந்தது. அவன் சொன்ன இடத்தைத் திறந்து, அவன் சொன்ன எண்ணைத் தட்டினாள்.

“இப்ப கையை எடுத்துரும்மா.”

எடுத்தாள். அம்புக்குறி தானாக நகர்ந்தது. கீழே இறங்கியது, எதையோ திறந்தது, மூடியது. படங்களைக் கொண்டுவந்து அவள் வழக்கமாக வைக்கும் மூலையில் வைத்தது. தெரியாத வீட்டுக்குள் விளக்கு சுவிட்சைத் தேடுகிறவனைப்போல அங்கங்கே நின்று நின்று போயிற்று. அவன் கை அது. எதையும் அமுக்குவதற்கு முன் ஒரு கணம் தயங்குவான், சின்ன வயதிலிருந்தே.

“எழுத்து போதுமாம்மா?”

“இன்னும் கொஞ்சம் பெருசா.”

“இது?”

“ம்.”

“அவ்வளவுதான். எல்லாம் சரியாயிடுச்சு. வச்சிடட்டுமா?”

அம்பு திரையின் நடுவில் நின்றிருந்தது. ஒரிஸ்யா ஆள்காட்டி விரலை நீட்டி அதன்மேல் வைத்தாள். கண்ணாடி லேசாகச் சூடாக இருந்தது.

“போனை வேணா வச்சிடு. அதைக் கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போ.”

“எதை?”

“உன் அம்பை.”

சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. போன் அணைந்தது. அவள் விரலுக்கு அடியில் அம்பு ஒருமுறை அசைந்தது, பிறகு அப்படியே இருந்தது.

நெஸ்டர் தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, “சாப்பிட வரலியா?” என்றார்.

“வர்றேன்” என்றாள். எழுந்திருக்கவில்லை.